காவிரிக்கரைச் சிற்றூரில் ஒரு பழைய வீட்டின் வரலாற்றைத் தேடும் முறை

கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், தெருவில் திண்ணையும் கொல்லையில் ஆறுமாக நிற்கும் பழைய வீடுகளில் ஒன்றின் வரலாற்றை அறிய விரும்புகிறவர், "இது எந்த ஆண்டு கட்டியது?" என்ற கேள்வியோடு தொடங்கினால் விரைவிலேயே வழி அடைபட்டு நிற்பார். வீட்டின் உட்பிரிவுகளான கட்டுகளில் முதற்கட்டினை ஒரு தலைமுறையும், இரண்டாங்கட்டினை மற்றொரு தலைமுறையும், மாடியை அதற்கும் பின்வந்தவர்களும் எழுப்பிய வீடுகள் பல. ஆகவே, இந்த மனை யாரிடமிருந்து யாருக்கு, எந்தக் காரணத்தால் கைமாறியது என்பதிலிருந்து தொடங்குவதே நல்லது.

இப்போதைய உரிமையாளரிடம் உள்ள பத்திரத்தில், சொத்து தமக்கு வந்த வழியை எழுதிக்கொடுத்தவர் குறிப்பிட்டிருப்பார். அதிலுள்ள பத்திர எண்ணையும் ஆண்டையும் பிடித்துக்கொண்டு, படிப்படியாகத் தாய்ப்பத்திரம், அதாவது கிடைக்கும் மிகப் பழைய மூலப் பத்திரம் வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றால் இடையில் நடந்த கிரயம், அடமானம், பாகப்பிரிவினை ஆகியவை தெரியவரும். ஆனால் வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினையோ, பதிவு செய்யாத உயிலோ அதில் வராது. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டிய கட்டாயமும் அக்காலத்தில் இல்லை என்பதால், சிறிய வீடுகளின் சங்கிலியில் இடைவெளி இருப்பது இயல்பே. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறிய முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்திப் பார்வையிட எவரையும் அனுமதிக்கிறது. நில அளவை எண் குறிக்கப்படாத மிகப் பழைய பத்திரங்களைப் பெயர் அட்டவணையில்தான் தேட வேண்டும் என்பதால், குடும்பத்தாரின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், பூர்வீக ஊர் ஆகியவற்றை முன்னதாகவே எழுதி எடுத்துச் செல்ல வேண்டும்.

பழைய கையெழுத்தைப் படிக்கப் பொறுமை வேண்டும். புள்ளி வைக்காத மெய்யெழுத்துகளும் தமிழ் எண்களும் முதலில் மிரட்டும். ௲௮௱௯௰௨ என்பது 1892 என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமே வரும். ௵ ஆண்டையும், ௴ மாதத்தையும், ௹ ரூபாயையும், ௸ மேற்படி என்பதையும் குறிக்கும். பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டுடன் 590ஐக் கூட்டினால், அந்தப் பசலி தொடங்கும் ஜூலை மாதத்துக்குரிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், வாசல்நிலையில் 'விகாரி' என்று செதுக்கியிருந்தால் அது 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். அவற்றுள் எது என்பதைப் பத்திரமும் கட்டுமானமும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

பத்திரத்தில் பலரும் கவனியாது தாண்டிச் செல்லும் செக்குபந்தியை, அதாவது மனையின் நான்கெல்லைக் குறிப்பைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். "இன்னார் வீட்டுக்கும் கிழக்கு, தெருவுக்கும் வடக்கு, காவிரிக்கும் தெற்கு, இன்னார் மனைக்கும் மேற்கு, இதற்குட்பட்ட கிழமேலடி இவ்வளவு, தென்வடலடி இவ்வளவு" என்று எழுதப்பட்டிருக்கும் அந்த நான்கு வரிகளில், ஒரு தெருவே குடியிருக்கிறது. ஒரு பத்திரத்தில் "காலி மனை" என்றும் அடுத்ததில் "ஓட்டு வில்லை வீடு" என்றும் இருந்தால், வீடு எழும்பிய காலம் அவ்விரண்டு தேதிகளுக்கும் நடுவே அகப்பட்டுவிடும். கிழமேலடி, அதாவது கிழக்கு மேற்கு அளவு, பாதியாகக் குறைந்திருந்தால், அண்ணன் தம்பி பாகத்தில் ஒரு சுவர் எழுந்திருக்கிறது என்று ஊகித்து, அந்தச் சுவரை வீட்டில் போய்த் தேடலாம். நம் வீட்டுப் பத்திரம் கிடைக்காத காலத்துக்கு, பக்கத்து வீட்டின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் நம் வீட்டுக்காரர் அங்கே எல்லையாக நிற்பார். சீதனமாகப் பெற்ற வீட்டை ஒரு பெண் தம் பெயரிலேயே விற்றிருப்பதையும், கடனுக்காக வீட்டைப் போக்கியத்துக்கு விட்ட குடும்பம் வேறிடம் பெயர்ந்ததையும் இப்பத்திரங்கள் காட்டும். குடும்பக் கதைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் செய்திகள் இவையே.

நகராட்சி ஊர்களில் நகர நில அளவைப் பதிவேட்டையும் பழைய வீட்டு வரிப் பதிவேடுகளையும் கேட்டுப் பார்க்கலாம். கும்பகோணமும் மாயவரமும் (இன்றைய மயிலாடுதுறை) 1866இலேயே நகராட்சிகளாகிவிட்டன. சிற்றூர்களில் குடியிருப்பு நிலமான நத்தம் முழுவதும் ஒரே அளவை எண்ணில் கிடந்திருக்கக்கூடும் என்பதால், அங்கே செக்குபந்தியையே நம்ப வேண்டும். மேற்கொண்டு தேடுவோர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.

பிறகு வீட்டையே படிக்க வேண்டும். மெல்லிய சிறு செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் உள்ள சுவரில், சிமெண்டும் பருத்த செங்கல்லும் தொடங்கும் இடம் பிற்காலச் சேர்க்கையைக் காட்டும். மங்களூரில் பாசல் மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை 1865இல் தொடங்கியது. ஆகவே அவ்வகை ஓடு வேய்ந்த கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் நாட்டு ஓட்டை நீக்கிவிட்டு மங்களூர் ஓடு மாற்றுவது வழக்கம் என்பதால், கூரையின் வயதைச் சுவரின் வயதாகக் கொண்டுவிடக் கூடாது.

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்பதைவிட நிகழ்ச்சியைக் கேட்பது பயன் தரும். ஆற்றங்கரை ஊரில் வெள்ளமே காலக்கணக்கு. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று அவர்களுடைய பாட்டியார் சொன்னார், கொல்லைச் சுவர் விழுந்தது அதற்கு முன்பா பின்பா, 1934இல் மேட்டூர் அணை திறந்த பிறகு கட்டியதா என்று விசாரித்தால், மறந்ததாக நினைத்தவையும் நினைவுக்கு வரும். அப்படிச் சொன்னவரின் வயதையும், சொன்ன தேதியையும் உடனே குறித்துக்கொள்ள வேண்டும்.

கிடைத்த மூலப் பத்திரங்களை லேமினேட் செய்யவோ ஒட்டுத்தாளால் ஒட்டவோ வேண்டாம். அது தாளை நாளடைவில் கெடுக்கும். மடிப்பை மெல்ல விரித்து, முத்திரைத்தாள் விற்றவரின் குறிப்பும் தேதியும் உள்ள பின்பக்கத்தையும் சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, பருத்தித் துணியில் சுற்றி, ஆற்று ஈரம் ஏறாத மேல் அலமாரியில் திரும்ப வைத்துவிடலாம்.