செக்யூரிட்டி ஏஜென்சிகள் தகவல் விஷயத்தில் செய்யும் தவறுகள்

புதிதாக ஏஜென்சி தொடங்குகிறவர்கள் ஆள் எங்கே கிடைக்கும், பில் எப்போது பாஸாகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் முதல் சைட், அதாவது காவல் போடும் முதல் இடம், கிடைத்த நாளிலிருந்தே அவர்களிடம் வேறொன்றும் சேர ஆரம்பிக்கிறது. காவலாளிகளின் ஆதார், பாஸ்புக், ஊர் முகவரி. கேட்டில் நுழைந்தவர்களின் பெயர், போன் நம்பர். கேமராவில் பதிந்த முகங்கள். சின்ன ஏஜென்சியிடம்கூட ஒரே வருடத்தில் சில ஆயிரம் பேரின் விவரம் சேர்ந்துவிடும். தொழிலில் பழையவர்கள் செய்து, அடிபட்டு, கைவிட்ட அதே தவறுகளைப் புதியவர்கள் அப்படியே செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மானிட்டரில் பாஸ்வேர்டு ஒட்டாதீர்கள் என்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறேன்.

காவலாளியின் முழு ஃபைலையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான்.

ஒரு சைட்டில் ரிலீவர், அதாவது மாற்றுக் காவலாளி, மாறுகிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு கிளையன்ட்டின் அட்மின் மேனேஜர், “நாளைக்கு வர்ற ஆளோட டீடெய்ல்ஸ் அனுப்புங்க” என்கிறார். ஃபீல்ட் ஆபீசர் தன் சொந்த போனில் வைத்திருக்கும் பிடிஎஃப்பை எடுத்து சைட் குரூப்பில் போட்டுவிடுகிறார். ஆதாரின் இரண்டு பக்கம், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், போட்டோ, போலீஸ் சரிபார்ப்புச் சான்று, கையெழுத்து போட்ட விண்ணப்பம் எல்லாம் அந்த ஒரே ஃபைலில். அந்த குரூப்பில் மேனேஜர் மட்டுமா இருக்கிறார்? ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் இருப்பார், லிஃப்ட் பராமரிக்கிறவர் இருப்பார், வேலையை விட்டுப் போன பழைய சூப்பர்வைசரும் இருப்பார். ஒருவர் பெயரில் கடன் எடுக்க நினைக்கிறவனுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பிடிஎஃப்பில் வரிசையாக இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஏஜென்சியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன், ஓஎம்ஆர் பக்கம் டியூட்டி பார்த்தவர். வேலையை விட்டு ஊருக்குப் போய் வெகுநாள் கழித்து, வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு அவருக்கு போன் வர ஆரம்பித்தது. அவருடைய அண்ணனுக்கும் வந்தது. அவசரத்துக்கு என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருந்த நம்பர் அது. அவர் ரயில் ஏறி ஆபீசுக்கே வந்து, “என் பேப்பரை யாரிடம் கொடுத்தீர்கள்?” என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஃபைல் எத்தனை சைட்டுக்குப் போனது, யார் யார் போனில் கிடக்கிறது என்பதற்கு ஒரு பதிவும் இல்லை. எங்களிடமிருந்துதான் கசிந்தது என்று நிரூபிக்கவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. பேங்க், போலீஸ் ஸ்டேஷன் என்று அவர் அலைந்தது மாதக்கணக்கில். விசாரணை என்றதும் அவர் டியூட்டி பார்த்த சைட்டின் கிளையன்ட் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

இத்தனைக்கும் விவரம் வாங்குவதைத் தவிர்க்க முடியாது. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வேலைக்கு எடுக்கும் ஆளின் நடத்தையையும் பின்னணியையும் சரிபார்த்தே ஆக வேண்டும். பெயர், முகவரி, போட்டோ, சம்பளம் எல்லாம் உள்ள பதிவேடும் வைத்திருக்க வேண்டும். வேலையில் தெரிந்துகொண்டதை ஊழியர் வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பதிவேடு ஆபீசில் இருக்க வேண்டியது. அது குரூப்பில் சுற்றுவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

கிளையன்ட் கேட்கிறாரே, என்ன செய்ய என்பார்கள். அவருக்கு வேண்டியது ஒரே பக்கம்தான்: பெயர், போட்டோ, ஊழியர் எண், பயிற்சி முடித்தாரா, போலீஸ் சரிபார்ப்பு எந்தத் தேதியில் முடிந்தது, பிரச்சினை என்றால் ஏஜென்சியில் யாரைக் கூப்பிடுவது. இதை லெட்டர்ஹெட்டில் அடித்து, குறிப்பிட்ட ஒருவருடைய ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புங்கள். அடையாள அட்டை கண்டிப்பாக வேண்டும் என்றால் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம், கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும். முழு ஆதார் எண் பிஎஃப், இஎஸ்ஐ பதிவுக்கு, பேங்க் கணக்கு எண் சம்பளம் போட. அந்த வேலை பார்க்கிற ஆளைத் தாண்டி இந்த எண்கள் போக வேண்டிய தேவையே இல்லை.

சில கிளையன்ட்கள் சம்பளப் பட்டியலும் பிஎஃப் செலான்களும் கேட்பார்கள். கான்ட்ராக்டர் சம்பளம் தராமல் விட்டால் அந்தப் பொறுப்பு தன் தலையில் விழும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. சரி, காட்டுங்கள். ஆனால் அந்த சைட்டில் வேலை செய்தவர்களின் வரிகளை மட்டும், கணக்கு எண்ணை மறைத்துக் காட்டுங்கள். முந்நூறு பேரின் பட்டியலை மொத்தமாக அனுப்பிவிட்டு, “உங்க ஆளுங்க பேரைத் தேடிப் பாத்துக்கோங்க” என்று சொன்ன அக்கவுண்டன்ட்டையும் பார்த்திருக்கிறேன்.

ஃபைல்கள் ஃபீல்ட் ஆபீசரின் சொந்த போனில் இருக்கவே கூடாது. அவர் போட்டி ஏஜென்சிக்கு மாறும் நாளில் உங்கள் ஆட்கள் எல்லோருடைய விவரமும் அவருடன் போய்விடும். கம்பெனி போனும் கம்பெனி கணக்கும் கொடுங்கள். செலவுதான், ஆனாலும் கொடுங்கள்.

காவலாளிகளுக்கும் ஒன்று சொல்லிக் கொடுங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதை எடுத்துப் பார்க்கப் பழக்கிவிட்டால், தெரியாத கடன் ஏதாவது இருந்தால் சீக்கிரமே கண்ணில் படும். பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு போன் செய்ய வேண்டும்.

ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைப்பது

கூடாது. பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள்.

கேட்டில் திறந்து கிடக்கும் விசிட்டர் நோட்டு

டியூஷன் டீச்சர் தன் பெயரையும் நம்பரையும் எழுதிவிட்டு மேலே போகிறார். அடுத்து எழுத வருகிறவர் அதே பக்கத்தைப் பார்க்கிறார். எந்தப் பெண், எந்த ஃப்ளாட், எத்தனை மணிக்கு வருவார், என்ன நம்பர் என்று எல்லாம் அங்கே இருக்கிறது. ராத்திரியில் தெரியாத நம்பரிலிருந்து மெசேஜ் வருகிறது என்று புகார் வந்த பிறகுதான் பல குடியிருப்போர் சங்கங்கள் இதையே யோசிக்கின்றன.

முதலில், போன் நம்பர் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். இன்டர்காமில் வீட்டுக்காரரிடம் கேட்டு உறுதி செய்துவிட்டால் அந்த நம்பரை யாரும் கூப்பிடப் போவதில்லை. தேவைதான் என்றால் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, எழுதியதைப் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். தொழிற்சாலை கேட் வேறு விஷயம். தீ விபத்து என்றால் உள்ளே எத்தனை பேர், யார் யார் என்று எண்ண வேண்டும், அங்கே பெயர்ப் பட்டியல் அவசியம்.

“நாங்கள் நோட்டுதான் வைத்திருக்கிறோம், சட்டம் டிஜிட்டலுக்குத்தானே” என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காகிதத்தில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக மாற்றிய விவரத்துக்கும் பொருந்தும். சூப்பர்வைசர் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினால் சமாதானம் அங்கேயே முடிந்தது.

சிசிடிவி திரையை போனில் எடுத்துப் பரப்புவது

சைக்கிள் காணாமல் போகும். காவலாளி திரையை வீடியோ எடுத்து குடியிருப்போர் குரூப்பில் போடுவார். ஒரு மணி நேரத்தில் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் திருடன் ஆகிவிடுவான். அவன் எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தாலும் அந்த வீடியோ திரும்பி வராது.

காட்சி வேண்டும் என்றால் சங்கத்திடமோ நிறுவனத்திடமோ எழுதிக் கேட்கட்டும். போலீஸ் கேட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவில் எழுத்துமூலம் கேட்க வழி இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு கொடுங்கள். கடிதம் வரட்டும் என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் டிவிஆர் (கேமரா காட்சியைப் பதியும் பெட்டி) பழைய காட்சியின் மேலேயே எழுதிவிடும். புகார் வந்த அன்றே பிரதி எடுத்துப் பூட்டி வையுங்கள்.

புரியாத படிவத்தில் கையெழுத்து

ஒடியாவோ அசாமியோ மைதிலியோ சந்தாலியோ பேசுகிறவரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டி இங்கே, இங்கே என்று கையெழுத்து வாங்குகிறார்கள். இந்த நான்கும் அரசியல் சாசனத்தின் 8ஆவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் வருகின்றன. ஒருவரின் சம்மதம் கேட்டால் அதற்கான அறிவிப்பை ஆங்கிலத்திலோ அந்த மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு அவருக்கு இருக்க வேண்டும் என்கிறது 2023 சட்டம். ஒரு முறை மொழிபெயர்த்து வைத்தால் பல வருடத்துக்கு ஆகும்.

2027 வரை நேரம் இருக்கிறது என்ற நினைப்பு

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விவரம் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். சம்பளம் போடும் வேலையை வெளியே கொடுத்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையதே. தகவல் கசிந்தால் 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்ற செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவோ 2022இலிருந்தே இருக்கிறது.

ஒப்பந்தம் முடியும் நாளில் சாவியை மட்டும் ஒப்படைப்பது

சாவிக்கொத்துக்கும் வாக்கி டாக்கிக்கும் கையெழுத்து வாங்குகிறார்கள். விசிட்டர் நோட்டுகள் மூட்டையாகக் கட்டப்பட்டு ஏஜென்சி ஆபீஸ் பரணுக்குப் போகின்றன, சில சமயம் பழைய பேப்பர் கடைக்கு. நோட்டுகளைத் தேதிவாரியாக எண்ணி கிளையன்ட்டிடம் ஒப்படையுங்கள். டிவிஆர் பாஸ்வேர்டை உங்கள் கண் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள். உங்கள் ஆட்களை சைட் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்புறம், உங்கள் காவலாளிகளின் காகிதங்களை அழித்துவிட்டோம் என்று கிளையன்ட்டிடமும் எழுதி வாங்குங்கள். கடைசி பில்லை அனுப்பும்போதே கேட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு கேட்டால் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.