ஸ்பானிய அரூப ஓவியத்தின் அச்சுப் பிரதி: சட்டகத்தோடு வாங்கும் முன்

பிரதி விற்பவர்கள் போடும் ‘மியூசியம் தரம்’ என்ற முத்திரைக்குச் சட்டப்படி எந்த வரையறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மை, காகிதம், அளவு, சட்டகம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குவதே வழி.

முதலில் ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள். பாதி வெற்றி இதில்தான். அந்தோனி தாப்பியஸ் பளிங்குத் தூளையும் மணலையும் குழைத்துப் பூசினார். மனோலோ மில்யாரெஸ் சாக்குத் துணியைக் கிழித்துத் தைத்தார். அந்த மேடுபள்ளம்தான் அவற்றின் உயிர். அச்சில் அது தட்டையாகிவிடும். தாப்பியஸ்தான் வேண்டுமென்றால், அவரே அச்சுக்கென்று உருவாக்கிய லித்தோகிராஃப்களின் (கல்லச்சுப் படங்களின்) பக்கம் போவது நல்லது. மெல்லிய வண்ணப்பூச்சு ஓவியங்கள் அச்சில் நன்றாக வரும். ஸ்பெயினின் குவெங்கா நகரில் 1966இல் அரூப ஓவிய அருங்காட்சியகத்தைத் தொடங்கிய ஃபெர்னாண்டோ சோபெல், ஊசிக்குழல் வழியே வண்ணம் பீய்ச்சி மயிரிழைக் கோடுகள் இழுத்தார். அவை தெளிவாக விழ, அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. 80×60 செ.மீ. பிரதி என்றால் கோப்பு ஏறத்தாழ 9,400×7,100 பிக்சல் இருக்க வேண்டும்.

அடுத்து விகிதம். ஸ்பானிய ஓவியர் ஜோன் மிரோவின் 1961ஆம் ஆண்டு ஓவியமான ‘நீலம் 2’ 355 செ.மீ. அகலம், 270 செ.மீ. உயரம். அதை 70×50 செ.மீ. சட்டகத்தில் முழுதும் நிரப்பினால் உயரத்தில் சுமார் 3 செ.மீ. வெட்டுப்படும். வெற்றிடமும் ஓவியத்தின் பகுதியாக இருக்கும் கலையில் இது பெரிய இழப்பு. “முழு ஓவியமும் வருமா, ஓரம் வெட்டுவீர்களா?” என்று எழுத்தில் கேளுங்கள். மிரோ 1983இல் இறந்தார். ஸ்பெயின் சட்டப்படி அவர் படைப்புகளின் பதிப்புரிமை 2063 முடியும்வரை நீடிக்கிறது. பதிப்புரிமைக் குறிப்பு இல்லாத பிரதியை வாங்காதீர்கள்.

மை, நுண்ணிய நிறத்துகள்கொண்ட பிக்மென்ட் மையாக இருக்கட்டும். சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். காகிதம் அமிலமற்ற, முழுப் பருத்தியாலான, சதுர மீட்டருக்கு 300 கிராம் அளவிலான மேட் காகிதமாக இருக்கட்டும். பளபளப்புக் காகிதத்தில் அடர்ந்த கறுப்பின் மேல் விளக்கொளி விழுந்து வடிவமே மறையும்.

சட்டகத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பிரதி கண்ணாடியைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மையும் உரிந்து வரும். படத்தைச் சுற்றி வைக்கும் அமிலமற்ற மவுன்ட் அட்டையோ, சட்டகத்தின் உள்விளிம்பில் வைக்கும் பட்டையோ இடைவெளி தரும். மவுன்ட் வேண்டாமென்பவர்கள் பட்டையைக் கேட்க மறக்கக்கூடாது. முழுப்பரப்பும் பசை தடவி ஒட்டிய பிரதியைப் பிரித்தெடுப்பது கடினம். மேல்விளிம்பில் மட்டும் ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கீல்போல ஒட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். பெரிய அளவுக்குப் கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு சிறந்தது: எடை குறைவு, அனுப்பும்போது உடையாது. அதை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் மங்கிவிடும்.

பார்சல் வந்ததும் படமெடுத்துக்கொண்டே அதைப் பிரித்துப் பாருங்கள். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் காகித மடிப்பும் அக்ரிலிக் கீறலும் தெரியும். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பெட்டியை எறிய வேண்டாம்.