காரின் கூரைத் துணியை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

வடசென்னையின் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தெருவோரத்தில் வெயில் காயும் பழைய கார்களில், இருக்கைகள் நன்றாக இருக்கும்போதே கூரைத் துணி தொங்கத் தொடங்கிவிடும். பெரும்பாலும் துணியில் குறை இருக்காது. துணிக்கும், அதைத் தாங்கும் கூரை அட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய பாலியூரித்தேன் ஃபோம், சூட்டிலும் ஈரக்காற்றிலும் ஆண்டுக்கணக்கில் சிதைந்து தூளாகியிருக்கும். பசை பற்றிக்கொள்ள அங்கே எதுவும் மிஞ்சாததால், தொங்கும் துணியைக் குண்டூசி குத்தி நிறுத்துவதும், சந்தில் பசை விட்டு அழுத்துவதும் வீண்வேலை. அட்டையைக் கழற்றி, பழையதை முழுவதும் நீக்கித்தான் புதியதை ஒட்ட வேண்டும்.

இங்கே சொல்லும் முறை, வார்ப்பு அட்டைக் கூரை, அதாவது கூரையின் வடிவிலேயே அச்சில் வார்த்த ஒரே அட்டைமேல் துணி ஒட்டியிருக்கும் கார்களுக்கு மட்டுமே. அம்பாசடர் போன்றவற்றில் லைனிங்கைத் தைத்துக் கம்பிகளில் கோத்திருப்பார்கள். அது தையற்காரர் வேலை. கூரையோரத்தில் ஏர்பேக் உள்ள வண்டியிலும் நீங்களே கை வைக்க வேண்டாம்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்குப் பஞ்சமில்லை என்றாலும், நமக்கு வேண்டியது ஏறத்தாழ 3 மி.மீ. ஃபோம் ஒட்டியே வரும் டாப் லைனிங் துணி. அதைக் கார் குஷன் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். விலை குறைவு என்று திரைச்சீலைத் துணியை வாங்காதீர்கள். காரின் உட்புறப் பொருள்கள் எளிதில் தீப்பற்றாமல் இருக்க ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. வீட்டுத் துணிகள் அதை மனத்தில் வைத்து நெய்யப்பட்டவை அல்ல. அட்டையின் அளவுக்கு மேல் நான்கு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வாங்குங்கள். பசை, சூடு தாங்கும் ரப்பர் பசையாக இருக்கட்டும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பிறகு சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள தூண்களின் மூடிகள், கதவோர ரப்பர் பீடிங் ஆகியவற்றை எடுத்து, திருகுகளைத் தனித்தனி உறைகளில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். இருக்கைகளைச் சாய்த்துவிட்டு, இருவராகப் பிடித்து, அட்டையைப் பின்கதவு வழியாக மெதுவாக வெளியே எடுங்கள். விளக்குத் துளை அருகேதான் அட்டை எளிதில் மடங்கி உடையும்.

இனி வருவதுதான் உண்மையான வேலை. அட்டையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், முகமூடியும் கையுறையும் அணிந்து, பழைய துணியை உரித்துவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். சிதைந்த ஃபோம் மஞ்சள் நிறத் தூளாகக் கொட்டும், எதிர்க்காற்றில் நிற்காதீர்கள். கம்பி பிரஷ் அட்டையைக் கிழிக்கும், தண்ணீர் அதை ஊறவைக்கும், ஆகவே இரண்டும் கூடாது. உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்: கையில் இன்னும் பிசுபிசுப்பான மஞ்சள் பொடி ஒட்டினால் மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள், ஏனெனில் விட்டுவைத்த தூளோடு சேர்ந்துதான் புதுத் துணியும் கழன்று வரும். விரிசல் இருந்தால் பின்பக்கம் துணிப்பட்டை வைத்து ஒட்டிக் காயவிடுங்கள்.

ஒட்டும் வேலையை ஈரமில்லாத நாளில், கடற்காற்று கிளம்பிப் புழுதி பறக்கும் முன், காலையிலேயே தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைத் தவிர்த்துவிடலாம். பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால் அடைந்த அறையிலோ அடுப்பருகிலோ திறக்கக் கூடாது. துணியை அட்டைமேல் விரித்து, ஒரு பாதியை மடித்துவிட்டு, அந்தப் பாதியில் அட்டை, ஃபோம் இரண்டிலும் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். விரல் முதுகால் தொட்டால் பிசுக்கென்று இருந்து, ஆனால் விரலில் ஒட்டி வராத பதம் வரும்வரை காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் பசை ஃபோமில் ஊறி, மேலே கறை தெரியும்.

நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். குழிவான இடங்களில் துணியை முதலில் குழிக்குள் அமுக்கிவிட்டு அப்புறம் மேலே செல்லுங்கள். குழிக்கு மேலே இழுத்துக் கட்டினால் முதல் கோடையிலேயே அங்கே தூக்கிக்கொள்ளும். அடுத்த பாதியையும் இவ்வாறே முடித்து, ஓரங்களைப் பின்னால் மடித்து ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள்.

காய்ந்த பின், விளக்குத் துளையில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, நுனிகளை உள்ளே மடித்து ஒட்டுங்கள். சிறிய துளைகளைப் பின்பக்கமிருந்து கத்தி முனையால் திறந்தால் போதும். கழற்றியதற்கு நேர் எதிர் வரிசையில் அனைத்தையும் மாட்டுங்கள். விளக்கின் வயரைத் துளை வழியாக வெளியே இழுத்துவிட்ட பிறகே அட்டையை மேலே பொருத்த வேண்டும். பசை வாடை போகும்வரை சில நாள் கண்ணாடிகளைச் சற்று இறக்கி, வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.