அந்தக் குண்டூசி ஓட்டை: மலிவுச் சுருட்டு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அலுவலகத்துத் தம்பி ஒருவர் இருபத்தைந்து சுருட்டு கொண்ட ஒரு கட்டை வாங்கி வந்தார். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் பேரம் பேசி வாங்கியதாம். "எப்படி இருக்குன்னு பாருங்கண்ணே" என்று நீட்டினார். மேலே இருந்த சுருட்டின் நடுவில் குண்டூசியால் குத்தியதுபோல ஒரு ஓட்டை. அடுத்ததில் இரண்டு. கேட்டதற்கு, "நல்ல இலையைத்தான் பூச்சி தொடும்னு கடைக்காரர் சொன்னாரு" என்றார்.

பல வருடங்களுக்கு முன் என்னிடமும் இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் ஒரு கட்டைத் தலையில் கட்டினார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விலை குறைவு என்பதாலேயே ஒரு சுருட்டை மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். திண்டுக்கல்லிலும் திருச்சி உறையூரிலும் தலைமுறை தலைமுறையாகச் சுருட்டு சுற்றியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே நம் சுருட்டிலிருந்து போனதுதான். மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் தொழிற்சாலை வைத்துச் சுருட்டு சுற்றிய காலமும் உண்டு. குறைந்த விலையிலும் ஒழுங்காகச் சுற்றிய சுருட்டு கிடைக்கும். அதைப் பொறுக்கி எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நுனியைப் பல்லால் கடிப்பது, பெட்ரோல் லைட்டரால் பற்றவைப்பது போன்றவற்றை ஒரு தடவை செய்தால் தானாகவே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறுப்பு என்றால் காரம் என்று நினைப்பது

சுருட்டின் காரம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் இலையைப் பொறுத்தது. செடியின் உச்சியில், அதிக வெயில் வாங்கிய இலையில் நிகோடின் கூடுதல். அடி இலையில் குறைவு. மேலே சுற்றிய இலை கறுத்திருப்பது அதை எவ்வளவு நாள், எவ்வளவு சூட்டில் பதப்படுத்தினார்கள் என்பதைக் காட்டும். பல நேரம் கறுத்த இலைதான் இனிப்பாக இருக்கும். மலிவுச் சுருட்டில் இன்னொரு சிக்கல், சாயம். வெள்ளை டிஷ்யூவை லேசாக நனைத்து மேல் இலையில் ஒரு முறை தேயுங்கள். கொஞ்சம் பழுப்பு ஒட்டினால் பரவாயில்லை. மை தொட்டதுபோல் வந்தால் அந்தக் கடையில் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

விரலை நம்பாமல் லேபிளை நம்புவது

தங்க நிறப் பட்டையை விடுங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சுருட்டை வைத்து, பற்றவைக்கும் முனையிலிருந்து வாய் முனை வரை மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் பொசுக்கென்று அமுங்கினால் அங்கே இலை போதவில்லை. நெருப்பு அந்த இடத்துக்கு வந்ததும் சூடேறி வாயைச் சுடும். ஓரிடத்தில் கல் மாதிரி இருந்தால் உள்ளே இலை முறுக்கிக்கொண்டிருக்கிறது, புகை வராது. முழுக்க ஒரே பதமாக, கொஞ்சம் அமுங்கி மறுபடி எழும்ப வேண்டும். நொறுங்கும் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது.

இரண்டு முனையும் திறந்திருக்கும் நம் ஊர்ச் சுருட்டை எடுத்துக்கொண்டு, "தலையில் தொப்பி சரியாக ஒட்டவில்லை" என்று குறை சொன்ன ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தொப்பி என்பது வாய் முனையை மூடி ஒட்டும் சிறு இலைத் துண்டு; நம் ஊர்ச் சுருட்டுக்கு அது கிடையவே கிடையாது. கியூபாச் சுருட்டின் அளவுகோலை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஓட்டையைப் பார்த்தும் வாங்குவது

இதில்தான் எனக்கு இன்னும் ஆற்றாமை.

2013 மே மாதம், முப்பது சுருட்டு கொண்ட ஒரு கட்டு வாங்கினேன். கண்ணாடித் தாளுக்குள் அடியில் காபித்தூள் மாதிரி கொஞ்சம் பொடி கிடந்தது. உதிர்ந்த இலை என்று நினைத்தேன். இரண்டு சுருட்டில் ஓட்டை தெரிந்தது. கடைக்காரர் அந்த வாக்கியத்தைச் சொன்னார், நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நேராக என் மரப்பெட்டியில் அடுக்கினேன். அந்தப் பெட்டியில் ஏற்கெனவே மூன்று வருடமாகச் சேர்த்த திண்டுக்கல் சுருட்டு நாற்பது, துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கியூபாச் சுருட்டு எட்டு, இறந்துபோன மாமா கடைசியாகக் கொடுத்த ஒரு சிறு கட்டு, எல்லாம் இருந்தன.

ஜூலையில் திறந்தேன். பெட்டியின் அடி முழுக்கப் பொடி. ஒரு சுருட்டை எடுத்து மேசையில் தட்டினால், கடுகளவில் செம்பழுப்பாக இரண்டு வண்டு விழுந்து நடக்க ஆரம்பித்தன. அம்மா எட்டிப் பார்த்து, "இது மஞ்சள்ல வர்ற வண்டுடா" என்றார். உடனே போய்ச் சமையலறையில் விரலி மஞ்சள் டப்பாவையும் மிளகாய் வற்றலையும் திறந்தார். இரண்டிலும் இருந்தது.

அம்மா சொன்னது சரி. அதன் பெயர் சிகரெட் வண்டு, அறிவியல் பெயர் லேசியோடெர்மா செரிகார்னி. புகையிலை, மஞ்சள், கொத்தமல்லி, மிளகாய், சுக்கு எல்லாமே அதற்குத் தீனி. முட்டை இலையோடு இலையாக இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. அதிலிருந்து வரும் புழுதான் இலையைத் தின்று துளைத்துக்கொண்டே போகும். நாம் பார்க்கும் அந்த உருண்டை ஓட்டை, வளர்ந்த வண்டு வெளியே போன வாசல். அதாவது ஓட்டை தெரியும்போது உள்ளே தின்ன வேண்டியதைத் தின்று முடித்தாயிற்று. சென்னை வெயிலில் முட்டை வண்டாக ஒன்றரை, இரண்டு மாதம் போதும். ஒரு பெட்டை வண்டு நூறு முட்டை வரை இடும். மே மாதம் உள்ளே வைத்த கட்டு ஜூலையில் பெட்டியையே காலி செய்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"நல்ல இலையைத்தான் பூச்சி தொடும்" என்பது சுத்தப் பொய். மட்ட இலையையும் அது தின்னும், கியூபா இலையையும் தின்னும். ஓட்டை இலையின் தரத்தைச் சொல்வதில்லை; அந்தச் சுருட்டை யாரோ சூட்டில், கவனிப்பே இல்லாமல், நாள்கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. பெரிய தயாரிப்பாளர்கள் சுருட்டை வெளியே அனுப்பும் முன் உறைய வைப்பதே இந்த வண்டுக்காகத்தான். பூச்சி வருவது பெருமை என்றால் அவர்கள் ஏன் அதைக் கொல்ல இவ்வளவு செலவு செய்கிறார்கள்? போதாக்குறைக்கு, ஓட்டை விழுந்த சுருட்டு காற்றையும் ஒழுகவிடும். இழுத்தால் பாதிக்கு மேல் வெறும் காற்றுதான் வரும்.

கடையில் கட்டை ஒரு வெள்ளைத் தாளின்மேல் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். நறுக்குத் தூள், அதாவது உள்ளே நறுக்கிப் போட்ட இலை, சொரசொரப்பாகத் துண்டு துண்டாக விழும். வண்டுப் பொடி மாவு மாதிரி நைஸாக விழும். மாவைக் கண்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும் சரி.

சுத்தமாகத் தெரியும் கட்டையும் நேராகப் பெட்டியில் போட வேண்டாம். காற்றுப் போகாத பை இரண்டில், ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். மூன்று நாள் போதும் என்பார்கள். வீட்டு ஃப்ரீசரை அடிக்கடி திறந்து மூடுவோம் என்பதால் நான் ஒரு வாரம் வைக்கிறேன். பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள். அப்புறம் வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காமல் விடுங்கள். அவசரப்பட்டால் மேல் இலை வெடித்துவிடும். அதன் பிறகும் புதுக் கட்டு என் வீட்டில் இரண்டு மாதம் தனி டப்பாவில்தான் இருக்கும்.

மச்சானிடம் சொல்லிச் சமாளித்துவிட்டேன். மாமா கொடுத்த கட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சாம்பலின் நிறத்தை வைத்துத் தரம் சொல்வது

சாம்பலின் வெள்ளை நிறம் மண்ணிலிருக்கும் மெக்னீசியம் போன்ற சத்துகளைப் பொறுத்தது. ருசிக்கு அது சாட்சி இல்லை.

நறுக்குத் தூள் என்றாலே ஒதுக்குவது

முழு நீள இலையை மடித்து வைத்த சுருட்டு மெதுவாக, சீராக எரியும். ஆனால் அந்த விலைக்கு முழு இலை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், முழு இலை என்ற பெயரில் நரம்பும் காம்பும்தான் கிடைக்கும். நல்ல இலையை நறுக்கிப் போட்டது அதைவிட மேல். பற்றவைக்கும் முனையைப் பாருங்கள். துண்டுகள் ஓரளவு ஒரே அளவில், காம்பு இல்லாமல் இருந்தால் போதும்.

மூக்கை ஓரங்கட்டுவது

பற்றவைக்காத சுருட்டில் அம்மோனியா நெடி அடித்தால் இலை இன்னும் பதப்படவில்லை. சில மாதம் காற்றாட வைத்தால் குறையலாம். வெனிலா வாசனை தூக்கலாக இருந்தால் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

"உள்ளே இழுப்பதில்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது

நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே உடலுக்குள் போகும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலைகூட இருக்கலாம். வாய்ப்புற்று சுருட்டுக்காரர்களுக்கும் வரும். இதுவரை தொடாதவர் தயவுசெய்து தொடங்க வேண்டாம்.

ஒன்றைப் பிடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது

கையால் சுற்றிய மலிவுச் சுருட்டு ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதோடு சென்னையின் ஈரம் வேறு. திருவான்மியூரில் என் வீட்டு மொட்டைமாடியில் ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்த சுருட்டு இரண்டு நாளில் நமத்துவிடும். ஏசி அறையில் வைத்ததோ காய்ந்து விறைக்கும். கடையிலிருந்து வந்த அன்றே பற்றவைத்து, அணைந்து அணைந்து போகிறது என்று இலையைத் திட்டுவதில் நியாயமில்லை. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்கும் டப்பாவில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு கட்டின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று வெவ்வேறு நாளில் பாருங்கள். மூன்றும் மூன்று விதமாக எரிந்தால் சுற்றிய கை சரியில்லை. மூன்றும் ஒரே மாதிரி சுமாராக இருந்தால் மீதியை மூடி வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து நான்காவதை எடுங்கள்.

தம்பியின் கட்டை அன்றைக்கே கடைக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். வீட்டுக்குள் கொண்டுபோகாமல் நேராகப் போகச் சொன்னேன்.