ரேக்கில் சர்வரைக் காட்டிக்கொடுக்கும் நீல விளக்கு

ஒரு சர்வரில் மெமரி மாட்டியிருந்த ஸ்லாட் பழுது. ரேக்கில் அதே மாடல் வரிசையாக நிற்கிறது, ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டும் உரிந்துபோயிருந்தது. தவறான பெட்டியின் பவர் கேபிளைப் பிடுங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை எல்லாம் நின்றுவிடும். பெட்டியில் இருக்கும் நீல அடையாள விளக்கை எரியவிடுவதுதான் நம்பகமான வழி.

அந்த சர்வரில் ஐபிஎம்ஐடூல் (சர்வரின் வன்பொருளைக் கட்டளையால் நிர்வகிக்கும் கருவி) நிறுவி, ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையுடன், விளக்கை எரியவைக்கும் 'சேசிஸ் ஐடென்டிஃபை' கட்டளையைக் கொடுத்தேன். சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று பிழை வந்தது. லினக்ஸ் கர்னலில் ஐபிஎம்ஐ (வன்பொருள் நிர்வாகத்துக்கான நெறிமுறை) மாட்யூல்கள் ஏறவில்லை. மாட்ப்ரோப் கட்டளையால் 'ஐபிஎம்ஐ எஸ்ஐ', 'ஐபிஎம்ஐ டெவ்இன்ட்எஃப்' இரண்டையும் ஏற்றியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் இன்னொரு சிக்கல். நேரம் எதுவும் கொடுக்காவிட்டால் விளக்கு 15 விநாடிதான் எரியும். ரேக்கருகே நின்ற நண்பர் பின்பக்கம் சுற்றிப் போவதற்குள் அணைந்துவிட்டது. கட்டளையின் கடைசியில் விநாடியை எண்ணாகக் கொடுக்கலாம், ஆனால் 255-க்கு மேல் போகாது. இந்த மாதிரி வேலைக்கு எண்ணுக்குப் பதில் 'ஃபோர்ஸ்' என்று கொடுப்பதே சரி. நாமாக அணைக்கும்வரை எரியும். அணைக்க 0 கொடுத்தால் போதும். வேலை முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், அடுத்து வருபவர் குழம்பக்கூடாது.

சர்வர் பூட் ஆகாமல் கிடந்தாலும் கவலையில்லை. பிஎம்சி (சர்வருக்குள் இருக்கும் நிர்வாகச் சிப்) தனியாக இயங்குவதால், வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க்கில் 'லேன்ப்ளஸ்' இன்டர்ஃபேஸ் வழியே இதே கட்டளையை அனுப்பலாம். அதற்கு யுடிபி 623 போர்ட் திறந்திருக்க வேண்டும். கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதாதீர்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஏ' ஆப்ஷன் போட்டால் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.