குவாட்ரபோலைத் தொட்டாலே நகர்ந்த கற்றை

50 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுள்ள எலக்ட்ரான் கற்றையை, அதை நெளியவைத்து ஒளி வரவைக்கும் காந்த வரிசையான அண்டுலேட்டருக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு தொல்லை. கற்றையைக் குவிக்கும் நான்கு முனைக் காந்தமான குவாட்ரபோலின் மின்னோட்டத்தை மாற்றினால் திரையில் புள்ளியின் உருவம்தானே மாற வேண்டும்? இடமே நகர்ந்தது. அதாவது, கற்றை காந்தத்தின் நடு அச்சில் போகவில்லை. இந்த ஆற்றலில் கற்றையின் காந்த விறைப்பு (காந்தத்துக்கு வளைந்துகொடுக்காத அளவு) சுமார் 0.17 டெஸ்லா மீட்டர்தான். புலச் சரிவையும் (நடுவிலிருந்து விலக விலகக் காந்தப்புலம் ஏறும் வீதம்) காந்தத்தின் நீளத்தையும் பெருக்கினால் 1 டெஸ்லா வரும் குவாட்ரபோலில், அரை மில்லிமீட்டர் விலகலே 3 மில்லிரேடியன் திருப்பிவிடும். ஒரு மீட்டர் தள்ளியுள்ள திரையில் அது 3 மில்லிமீட்டர்.

காந்தத்தை அசைக்கவில்லை, வெற்றிடக் குழாயோடு மல்லுக்கட்ட யாருக்கு ஆசை? குவாட்ரபோல் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தபடியே, அதற்கு முன்னாலுள்ள, கற்றையின் திசையைத் திருப்பும் ஸ்டியரிங் காந்தங்களைத் திருத்தினேன். புள்ளி விரிந்து சுருங்கினாலும் இடம் மாறாத நிலை வந்தது. சரி, அப்புறம் அடுத்த குவாட்ரபோல். இரும்பில் எஞ்சும் காந்தம் ஏமாற்றும். மின்னோட்டத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, எப்போதும் மேலிருந்தே இறக்கி வையுங்கள்.