வினவலில் சரங்களும் எண்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றுக்குக் கொள்முதல் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தோட்டம், சரக்கு, மூட்டை எல்லாம் ஜாவா ஆப்ஜெக்டுகளாகவே தரவுத்தளத்தில் கிடக்கின்றன. தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் கட்டளையான வினவலை, அதற்கென உள்ள ஜேபிக்யூஎல் (JPQL) மொழியில் எழுதுகிறோம். வகுப்பின் பெயரும் புலத்தின் பெயரும் நிரலில் உள்ளபடியே வருவதால், வினவலுக்குள்ளும் ஜாவாவின் விதிகளே செல்லும் என்று மனம் எளிதில் நம்பிவிடுகிறது.

ஆனால் ஜாவா சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், முதல் இடத்தை 0 என்று எண்ணும். ஜேபிக்யூஎல் 1 என்று எண்ணும். தேடிய சொல் கிடைக்காவிட்டால் சொல் இருக்கும் இடத்தைத் தேடும் ஜாவாவின் இண்டெக்ஸ்ஆஃப் (indexOf) -1 தரும், அதே வேலையைச் செய்யும் ஜேபிக்யூஎல்லின் லொகேட் (LOCATE) 0 தரும். பழக்கத்தில் 'விடை -1 ஆக இல்லாதவை' என்று நிபந்தனை எழுதினால், பிழைச் செய்தி எதுவும் வராமல் எல்லாப் பதிவுகளும் வந்து குவியும்.

தமிழ்ப் பெயர்களில் சிக்கல் இன்னும் நுட்பமானது. 'ஏற்காடு' நமக்கு நான்கெழுத்து. புள்ளியும் துணைக்காலும் உகரக் குறியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் நீளத்தைச் சொல்லும் லெங்த் (LENGTH) 7 என்று சொல்லும். முதல் இரண்டெழுத்தை எடுக்க, சரத்தின் பகுதியைத் தரும் சப்ஸ்டிரிங்கில் (SUBSTRING) நீளம் 2 என்று கொடுத்தால் 'ஏற்' வராது, புள்ளி உதிர்ந்து 'ஏற' வரும். 'கொளத்தூர்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம்; திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பொருந்தாது. இதை வினவலில் சரிசெய்ய முயல்வது வீண்வேலை என்பது என் கருத்து. சேமிக்கும்போதும், தேடும் சொல்லை அனுப்பும்போதும் இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றிவிடுவதே முறை.

எண்களில் நிலைமை தலைகீழ்: ஜாவாவின் வழக்கமே இங்கு நம்மைச் சிக்க வைக்கிறது. முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கும்போது ஜாவாவைப் பின்பற்றும் தரவுத்தளங்கள் பின்னத்தை வெட்டிவிடும். 149 கிலோவை 50 கிலோ மூட்டைகளாகக் கணக்கிட்டால் 2 வரும், மீதி 49 கிலோ ஏட்டிலிருந்து மறைந்துவிடும், 50.0 என்று எழுதினால் 2.98 வரும். சரக்கு எண்ணைச் சரமாகச் சேமித்துவிட்டு வரிசைப்படுத்தினால் '10' முன்னாலும் '9' பின்னாலும் நிற்கும். கூலிக்கும் விலைக்கும் பின்னத்தைத் தோராயமாக வைக்கும் டபுள் (double) எண் வகை வேண்டாம், துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் (BigDecimal) போதும்.

இவற்றிலெல்லாம் மோசமானது 'நல்' (null), அதாவது எதுவும் பதியப்படாத வெற்று மதிப்பு. மொத்த எடையிலிருந்து ஈரக் கழிவைக் கழித்துக் கூட்டும்போது, கழிவு பதியப்படாத சரக்கின் கழித்தல் விடை நல் ஆகிறது. கூட்டித் தரும் சம் (SUM) அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவதால், அந்தச் சரக்கின் முழு எடையும் கூட்டுத்தொகையில் சேராது. தொகை பார்வைக்கு இயல்பாகவே இருக்கும் என்பதால் கணக்கருக்கும் ஐயம் எழாது. நல் ஆக உள்ள கழிவுப் புலத்தைக் கோயலெஸ் (COALESCE) மூலம் 0 ஆக்கிவிட்டுக் கழிக்க வேண்டும்.

பயனர் தட்டிய பெயரைக் கூட்டல் குறியால் வினவலோடு ஒட்டுவது பழைய தவறு, இன்னும் நடக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பெயர் ஒன்றில் ஒற்றை மேற்கோள் குறி இருந்தால் வினவல் அங்கேயே முறியும். தீய நோக்குள்ளவர் கையில் அதே ஓட்டை ஊடுருவும் வழியாகும். மதிப்பை வினவலோடு ஒட்டாமல் அளபுருவாக (parameter), அதாவது தனியாக அனுப்பினால் இரண்டும் தீரும். வடிவத்தைக் கொண்டு தேடும் லைக் (LIKE) தேடலில் மட்டும், அளபுருவாக அனுப்பினாலும், அடிக்கோடு எந்த ஓர் எழுத்துக்கும் பொருந்தும் என்பதால், அதை வெறும் அடிக்கோடாகவே கொள்ளச் சொல்லும் எஸ்கேப் (ESCAPE) குறி தேவை.